நெட் கல்வியியல் கோச்சிங்: 18,000 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

நெட் என்பது கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வு. அதற்கான கோச்சிங் வகுப்பைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தாளும் ஆராய்ச்சி முறையியலும் உங்களைப் பயமுறுத்துகின்றன என்றால் இந்த வகுப்பில் சேரலாம். சிறப்புக் கல்வியில் (குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கல்வி) ஏற்கெனவே வேலை பார்ப்பவர், அதே துறையில் கல்லூரிக்குப் போக நினைப்பவர் என்றால் முழுக் கட்டணம் கட்ட வேண்டாம். அவர்களுக்குத் தேவையானது இங்கே பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தப்பாகவே சொல்லித் தருகிறார்கள்.

மையம் மதுரையில் இருக்கிறது. வார நாட்களில் இரவு ஆன்லைன் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை நேர்வகுப்பு. கல்வியியலுக்குக் கட்டணம் 18,000 ரூபாய், உளவியலுக்கு 20,000. பெயரைப் போடவில்லை. போட்டால் நான் குறை சொல்லும் ஆட்கள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது தவிர, இதே பாணியில் ஊருக்கு நாலு மையம் நடக்கிறது. எதில் சேரப் போகிறவருக்கும் இது உதவும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோபம் முழுக்க என் வேலையிலிருந்து வருவது. வட்டார வள மையத்தில் ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது சிறப்பாசிரியர். பள்ளிகளுக்குப் போவேன், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவேன். தொகுப்பூதியம். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் எம்.எட். சிறப்புக் கல்வி முடித்திருக்கிறேன். வயது 37. பி.எட். சிறப்புக் கல்வி நடத்தும் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. அதற்கு நெட் வேண்டும்.

தேர்வு தெரியாதவர்களுக்கு: இரண்டு தாள், இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரம். எல்லாருக்கும் பொதுவான முதல் தாளில் 50 கேள்வி 100 மதிப்பெண், அவரவர் பாடத்துக்கான இரண்டாம் தாளில் 100 கேள்வி 200 மதிப்பெண். தப்பான விடைக்குக் கழிவு கிடையாது. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

இனி நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் தாள் எடுக்கும் சார் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். இந்தியத் தருக்கம் என்று ஒரு பகுதி உண்டு. பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிட்டுப் போவார்கள். பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்று ஆறு பிரமாணங்களையும் (ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகள்) எழுதிப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வகுப்பிலேயே ஆளைப் பிடித்து உதாரணம் கேட்பார். "அந்த மேடம் ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸ் கொண்டு வரவில்லை, ஆனால் மதியம் ஏப்பம் விடுகிறார். இது எந்தப் பிரமாணம்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அர்த்தாபத்தி, அதாவது வேறு வழியில் விளக்க முடியாததால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கொள்வது. சாகும்வரை மறக்காது. தரவு விளக்கப் பகுதியையும் அவர்தான் எடுக்கிறார். கால்குலேட்டர் கிடையாது என்பதால் சதவீதக் கணக்கை மனதில் போடும் குறுக்குவழிகளை அலுக்காமல் சொல்லித் தருகிறார்.

இந்த மையத்தின் சொத்து என்று நான் சொல்வது ஆராய்ச்சி அலகை எடுக்கும் மேடத்தை. கல்வியியல் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். அதில் ஆறாவது ஆராய்ச்சி. எம்.எட்.டில் ஆய்வேடு எழுதியவர்களில் பலருக்கே கை நடுங்கும் அலகு இது. மேடம் முதல் நாளே எங்கள் வேலையைத் தெரிந்துகொண்டார். அப்புறம் உதாரணம் எல்லாம் எங்கள் களத்திலிருந்துதான். ஒன்றாம் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை இரண்டையும் இப்படிச் சொன்னார்: "குறைபாடே இல்லாத பிள்ளைக்கு இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால் ஒன்றாம் வகை. இருக்கிற பிள்ளையை ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பினால் இரண்டாம் வகை. உங்கள் வட்டாரத்தில் எது அதிகம்?" வகுப்பில் உட்கார்ந்திருந்த ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் எல்லாரும் ஒரே குரலில் இரண்டாவது என்றோம். அதற்கு மேல், முக்கியத்துவ மட்டத்தை (ஒன்றாம் வகைப் பிழைக்கு நாம் அனுமதிக்கும் அளவு) 0.05-இலிருந்து 0.01-க்குக் குறைத்தால் எந்தப் பிழை கூடும் என்ற கேள்விக்கு யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கிரவுண்டட் தியரி, கதையாடல் ஆய்வு, தனியாள் ஆய்வு, இனவரைவியல், அப்புறம் எண் தரவையும் சொல் தரவையும் சேர்த்துப் பயன்படுத்தும் கலப்பு முறை வடிவங்கள் என்று பாடத்திட்டத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தொட்டார். கலப்பு முறையில் விளக்க வடிவத்துக்கும் ஆய்ந்தறி வடிவத்துக்கும் எண் தரவு முன்னா பின்னா என்பதுதான் வித்தியாசம். தேர்வில் அதை வரிசைப்படுத்தச் சொல்லியே கேட்பார்கள் என்று பழைய வினாத்தாள்களைத் திறந்து காட்டினார். இந்த ஒரு அலகுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைத்தால் 6,000 ரூபாய் கொடுக்கலாம். நானே கேட்டேன், "அப்படி இல்லை மேடம், முழு பேக்கேஜ்தான்" என்றார்கள்.

சரி, பத்தாம் அலகுக்கு வருகிறேன். உள்ளடக்கிய கல்வி, அதாவது குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிப்பது. என் வேலையே அதுதான்.

இந்த அலகுக்கு மையம் ஒதுக்கியது ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு. எடுத்தவர் நிர்வாகப் பகுதி எடுக்கும் அதே சார். "இது ஈஸி ஸ்கோரிங், நீங்களே படித்துக்கொள்ளலாம்" என்று ஆரம்பித்து, அச்சடித்த குறிப்பைத் திரையில் ஓட்டிக்கொண்டே போனார். அந்தக் குறிப்பில் சட்டப்படி ஊனங்கள் ஏழு என்று இருந்தது. அது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 21 வகை. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் நோய், அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் என்று பட்டியலே வேறு. இந்தச் சட்டத்திலிருந்து கேள்வி கேட்க இடம் நிறைய உண்டு: 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் சட்டம் சொல்லும் "பெஞ்ச்மார்க்" குறைபாடு, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். கல்வி உரிமைச் சட்டத்தில் வயது 6 முதல் 14, இதில் 18. இந்த இரண்டையும் குழப்பிவிட்டுக் கேட்பதற்கென்றே கேள்வி எழுதலாம். குறிப்பில் ஒன்றுகூட இல்லை.

குறைபாடு, செயல்பாட்டு வரம்பு, பங்கேற்புத் தடை என்று மூன்று உண்டு. 2001-இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஐ.சி.எஃப். வகைப்பாட்டிலிருந்து வந்தவை இவை; அந்த வகைப்பாட்டைப் பாடத்திட்டமே பெயர் சொல்லிக் கேட்கிறது. குறிப்பில் அதற்கும் முந்தைய பழைய மும்மை இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஒரு பிள்ளையை வைத்துச் சொன்னாலே இந்த மூன்றும் பிரிந்துவிடும். மூளை முடக்குவாதத்தால் தசை இறுக்கம் இருக்கிறது, அது குறைபாடு. நடக்க முடியவில்லை, அது செயல்பாட்டு வரம்பு. சக்கர நாற்காலி கொடுத்தும் பள்ளி வாசலில் மூன்று படி இருப்பதால் உள்ளே போக முடியவில்லை, அது பங்கேற்புத் தடை. ஐந்து நிமிட வேலை.

வகுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். "நீங்களே திருத்தி அனுப்புங்கள் மேடம், போட்டுவிடுகிறோம்" என்றார்கள். திருத்தி அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவில் நன்றி என்று கைகூப்பும் படம் வந்தது. அடுத்த பேட்ச்சில் சேர்ந்த என் தோழிக்கும் அதே ஏழு வகைதான் போயிருக்கிறது.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. எங்கள் பேட்ச்சில் பார்வையற்ற தம்பி ஒருவர் இருந்தார், அரசுப் பள்ளி ஆசிரியர். மையம் கொடுக்கும் பி.டி.எஃப். எல்லாம் புத்தகத்தைப் போனில் படம் பிடித்து ஒட்டியவை. அவருடைய திரைவாசிப்பானுக்கு அவை வெறும் வெள்ளைத் தாள். ஒரு எழுத்தும் வாசிக்காது. சேரும்போதே கேட்டிருக்கிறார், "எல்லாம் சாஃப்ட் காப்பி சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். பாடத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் மூலக் கோப்பை அனுப்பினாலே போதும். அதைக் கொடுத்தால் வெளியே போய்விடும் என்று நிர்வாகம் பயந்தது. ஆராய்ச்சி மேடம் மட்டும் தன் குறிப்புகளைத் தானே யூனிகோடில் அனுப்பினார்; பலகையில் எழுதும்போதெல்லாம் வாய்விட்டும் படித்தார். தேர்வில் அந்தத் தம்பிக்குப் பதிலி எழுத்தர் உண்டு, மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும் என்பதைக்கூட அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும் "கரியர் கைடன்ஸ்". விளம்பர நோட்டீசில் பெரிய எழுத்தில் போடுவார்கள். திரையில் முதலில் வருவது 57,700 ரூபாய் என்ற எண். உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம், பத்தாம் நிலை. எண் சரி. அது யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் அந்த மதியம் முழுக்கப் பேசப்படவில்லை. தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழுதான். 2024 மார்ச்சில் அரசு கலை, கல்வியியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது, ஆகஸ்ட் 4-க்கு வைத்த தேர்வு தள்ளிப்போனது. காத்திருக்கிற காலத்தில் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போனால் அப்போது மாதம் 25,000தான். சுயநிதிக் கல்வியியல் கல்லூரிகளில் நான் நேர்காணலுக்குப் போன இடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் பேசினார்கள். இதையெல்லாம் சொன்னால் ஆள் சேராது என்று நினைக்கிறார்கள் போல. எங்கள் பேட்ச்சில் இருந்தவர்கள் பாதிப்பேர் குடும்பஸ்தர்கள், சொன்னாலும் சேர்ந்திருப்பார்கள்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 என்றும் போட்டார்கள். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. ஆக 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு அந்தப் படம் சும்மா வேடிக்கை பார்க்கத்தான். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை என்பதை அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் முகம் தெளிந்திருக்கும்.

பெரிய குழப்பம், மூன்று பாதையை ஒன்றாக்கிச் சொல்வது. நோட்டீசில் "கல்வியியல், உளவியல், சிறப்புக் கல்வி: ஒரே நெட், மூன்று வேலை" என்று இருக்கும். அப்படிக் கிடையாது.

பொது பி.எட். கல்லூரியில் ஆசிரியராக, நெட்டோடு எம்.எட். மட்டும் போதாது, ஏதாவது ஒரு பாடத்தில் முதுகலையும் வேண்டும். இல்லையென்றால் கல்வியியலில் எம்.ஏ.யும் பி.எட்.டும் வைத்து அடிப்படைப் பாடங்களுக்குப் போகலாம். இது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதி. சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கு அந்தக் குழுமம் அல்ல, இந்திய மறுவாழ்வுக் குழுமம். அங்கே குறிப்பிட்ட குறைபாட்டுப் பிரிவில் எம்.எட். சிறப்புக் கல்வியும் நடப்பில் உள்ள சி.ஆர்.ஆர். (அந்தக் குழுமத்தின் மத்திய மறுவாழ்வுப் பதிவேடு) பதிவு எண்ணும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பொதுக் கல்வியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, "நெட் பாஸ் ஆனால் முட்டுக்காடு நிறுவனத்தில் போடுவார்களாமே" என்று நம்பிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்கள் பேட்ச்சிலேயே இருந்தாள். முட்டுக்காட்டில் இருப்பது பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், 2005-இல் தொடங்கியது. அங்கே சிறப்புக் கல்வி கற்பிக்கும் பணிக்கு முதலில் கேட்பது பதிவு எண்ணைத்தான். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, நான்தான் டீ குடிக்கும்போது சொன்னேன். "அக்கா, அப்ப இந்தக் காசு?" என்றாள். பொதுக் கல்லூரிக்கு உதவும் என்று சொன்னேன், அது உண்மைதான்.

உளவியல் பேட்ச்சில் இதைவிட மோசம். எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு நெட் பாஸ் ஆனால் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தலாம், பி.எச்டி.க்குப் போகலாம். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். மையத்தின் போஸ்டரில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் படம் இருக்கிறது. மற்றபடி உளவியல் வகுப்பு நன்றாகவே நடக்கிறது என்று அதில் படித்த தங்கச்சி ஒருத்தி சொன்னாள். முதல் அலகில் பகவத் கீதை, பௌத்தம், சூஃபி மரபு, அரவிந்தரின் பூரண யோகம் எல்லாம் வருகிறதாம். ஃபிராய்டை எதிர்பார்த்துப் போனவள் திகைத்துப் போயிருக்கிறாள். முதல் தாள் எடுக்கும் தத்துவ சாரே வந்து அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டுப் போனாராம்.

நியாயமாக, சிறப்புக் கல்விப் பக்கம் சொல்வதற்கு நல்ல செய்தி இருக்கிறது. அதைத்தான் இவர்கள் விட்டுவிட்டார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாதாரணப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதத்தை அறிவிக்கச் சொன்னது; 2022-இல் மத்திய அரசு தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் அந்தப் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்க வேண்டும் என்று மறுபடி உத்தரவிட்டது. பள்ளிக்கு அத்தனை பேர் வேண்டுமென்றால் அவர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகளுக்கும் ஆள் வேண்டும். இதற்கு ஒரு ஸ்லைடு போட்டிருக்கலாம்.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செயலி அடிக்கடி தொங்கும். கேள்விகளில் பாதி பழைய வினாத்தாளிலிருந்து அப்படியே எடுத்தவை. அந்த வினாத்தாள்கள் தேசியத் தேர்வு முகமையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மூன்று மணி நேரம் கணினி முன் உட்கார்ந்து 150 கேள்வியை முடிக்கும் பழக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு உதவியது. 2024 ஜூனில் 18-ஆம் தேதி தாளில் எழுதவைத்து மறுநாளே ரத்து செய்து, ஆகஸ்ட், செப்டம்பரில் கணினி வழியாக மறுபடி நடத்தினார்களே, அந்தக் குழப்பத்தில் மையம் மறுதேர்வு வரை கூடுதல் கட்டணம் வாங்காமல் வகுப்பை நீட்டியது என்று முந்தைய பேட்ச்காரர்கள் நன்றியோடு சொல்கிறார்கள். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண் பி.எச்டி. சேர்க்கைக்கும் செல்லும். நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. பி.எச்டி.க்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் காலாவதி இல்லை. எனக்கு உதவிப் பேராசிரியர் தகுதி வந்துவிட்டது. அதில் மையத்தின் பங்கு என்று கேட்டால் முதல் தாளும் ஆறாம் அலகும். மீதி இக்னோவின் எம்.ஏ. கல்வியியல் பாட நூல்களில் படித்தது. இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறது, எம்.இ.எஸ். 013 கற்றலும் கற்போரும் வளர்ச்சியும், எம்.இ.எஸ். 016 கல்வி ஆராய்ச்சி இரண்டையும் முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பத்தாம் அலகுக்கு 2016 சட்டத்தையே எடுத்துப் படியுங்கள். மூன்றாம் அத்தியாயம் முழுக்கக் கல்விதான், சில பக்கங்களில் முடிந்துவிடும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு தவணை என்பார்கள். முதல் தவணையே 12,000. இடையில் விலகினால் திருப்பித் தருவதில்லை, அது ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. முதல் வகுப்பு இலவச டெமோ. டெமோவுக்கு எப்போதும் தத்துவ சாரைத்தான் அனுப்புவார்கள், அவர் பேச்சைக் கேட்டால் கை தானாகப் பணத்தை எடுத்துவிடும். பத்தாம் அலகை எடுப்பவரின் டெமோ வேண்டும் என்று கேளுங்கள், கூடவே அந்த அலகின் அச்சுக் குறிப்பையும் வாங்கி எத்தனை வகைக் குறைபாடு என்று போட்டிருக்கிறார்கள் எனப் பாருங்கள். ஏழு என்று இருந்தால் 12,000-ஐக் கட்டுவதற்கு முன் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். என் தோழி பேசினாள், 2,000 குறைத்தார்கள்.